உப்பு ஜாடி ஏன் கசிகிறது?

கேள்வி: உப்பளம் இருக்கும் ஊர் எங்களுடையது. ஆனாலும் ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டு உப்பு ஜாடி கசிகிறது. உப்புக்கு என்ன அழுகை?
- பத்தாம் வகுப்பு மாணவி, அதிராம்பட்டினம்

பதில்: அழுவது பெரும்பாலும் உப்போடு ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளி, மகளே! பெயர் மெக்னீசியம் குளோரைடு. காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சுத்தமான சோடியம் குளோரைடு 75 சதவீதம் வரை தாங்கும். அடைமழை நாளில் அந்த அளவும் தாண்டிவிடுவதால் இரண்டும் சேர்ந்தே கசிகின்றன.

விருந்தாளி எப்படி வந்தார்? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. பாத்தியில் வெயில் ஏற ஏற முதலில் கால்சியம் கார்பனேட் படியும், பிறகு ஜிப்சம். தண்ணீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் சாப்பாட்டு உப்பு பூக்கும். மெக்னீசியம் கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கும். அந்த மிச்சத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார், கசக்கும். உப்பை வாரி வரப்பில் குவிப்பதே அது வடியட்டும் என்றுதான். கொதிக்கும் வெயிலில் வெறுங்காலோடு அந்த வேலையைச் செய்பவர்கள் நல்ல வேதியியலாளர்கள் என்பேன்.

வீட்டில் ஒரு சோதனை செய். இனி கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் கல்லுப்பை அலசி, வெயிலில் உலர்த்து. உப்பு கரையாது, மெக்னீசியம் பெருமளவு போய்விடும். அலசியதையும் அலசாததையும் இரண்டு கிண்ணங்களில் வைத்து, எது முதலில் நசநசக்கிறது என்று பார்.