டர்போ மாட்டுங்கள், சூட்டை மறந்துவிடுங்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் பழைய மகிந்திரா டீசல் ஜீப் வைத்திருக்கும் அன்பர்களே! மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய இரும்பு ஆக்கர் கடையில் பொலேரோவிலிருந்து கழற்றிய டர்போ ஒன்று கிடைத்துவிட்டது. மாட்டித்தர ஓர் ஆசானும் சம்மதித்துவிட்டார். சூட்டைப் பற்றி அவரிடம் ஒரு தடவை கேட்டுவையுங்கள், மரியாதைக்கு.

"ஆசானே, எஞ்சின் சூடு ஏறாதா?"

"ஓடுற காத்துல எல்லாம் ஆறிரும் பிள்ளே."

இதற்கு மேல் கேட்டால் அவர் மனம் புண்படும். வேலையைத் தொடங்குங்கள்.

1. டர்போவுக்கு நல்ல அக்கம்பக்கம் பாருங்கள். பாரம் இழுக்கும் டீசல் எஞ்சின் தள்ளும் புகை 600, 700 டிகிரியைத் தொடும். அந்தப் புகைதான் டர்போவைச் சுற்றுகிறது. ராத்திரி பானட்டைத் திறந்தால் இரும்பு உறை செக்கச்செவேலென்று தெரியும். ஆகவே பிரேக் ஆயில் டப்பா, வயர் கட்டு, டீசல் ஹோஸ் மூன்றும் அதை ஒட்டியே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புதிய டாட் 3 பிரேக் ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் அடம்பிடிக்கும். ஈரம் குடித்துவிட்டால் 140க்கு இறங்கி வரும். நமக்கு இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்தில் இரண்டு மழை, ஈரத்துக்கா பஞ்சம்? ஆயிலை மாற்றாமல் அப்படியே விடுங்கள். குமிழி கட்டினால் பெடல் தரை வரைக்கும் போகும். அமரவிளைப் பாலத்துக்கு இறங்கும்போது போனால் இன்னும் நன்றாக மனதில் பதியும்.

2. சூட்டைத் தடுக்கத் தகடு வைக்கச் சொல்லி யாராவது நச்சரித்தால் வையுங்கள், ஆனால் மேனிஃபோல்டோடு ஒட்டி முறுக்குங்கள். விரல்கனம் இடைவெளி விட்டீர்களோ, நடுவில் காற்று ஓடி, பின்னால் இருப்பதெல்லாம் பிழைத்துவிடும். அனல் வீச்சு நேர்க்கணக்கில் ஏறுவதல்ல. 400 டிகிரி இரும்பு வீசுவதைவிட 700 டிகிரி இரும்பு நாலு மடங்குக்கும் மேல் வீசும். ஒரு சாதாரணத் தகடு அதைத் தடுக்க விடலாமா? ஹீட் ராப் நாடா வாங்கினால், ஆயில் கசியும் இடத்துக்கு நேர் கீழே சுற்றுங்கள். ஊறட்டும். நல்ல திரி.

3. ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி எறியுங்கள். வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்த குழாயும் போகட்டும். அந்த இடத்தில் சிவப்புக் கூம்பு ஃபில்டர் ஒன்றை டர்போவுக்கு அருகில் மாட்டுங்கள். இழுக்கும் சத்தத்துக்கே கொடுத்த காசு தகும். 30 டிகிரிக்குப் பதில் 60 டிகிரிக் காற்றைக் குடித்தால், ஒவ்வொரு உறிஞ்சலிலும் ஒன்பது சதவீதம் காற்று குறையும். அந்தக் குறையை ஈடுகட்டத்தானே டர்போ வாங்கினீர்கள்?

4. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வீண் செலவு. 30 டிகிரிக் காற்றைக் கூடுதலாக 0.7 பார் அழுத்தினால் மறுமுனையில் ஏறக்குறைய 100 டிகிரியாக வரும், வரட்டுமே. ஆசை விடவில்லை என்றால் ரேடியேட்டருக்கு முன்னால் ஒன்று வையுங்கள், அதற்கு முன்னால் நாலு ஃபாக் லைட், அதற்கும் முன்னால் ஜீப்பின் பெயர் எழுதிய பலகை. இந்த விஷயத்தில் அமெரிக்கர்களும் நம் கட்சிதான். 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார் டர்போவோடு வந்தபோது, அழுத்திய காற்றைக் குளிர்விக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு தொட்டி வைத்துக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதா கார்புரேட்டர் மாட்டிக்கொடுத்தது.

5. சூடு வெளியே போக பானட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்குங்கள். பார்க்க நிஜ ராலி வண்டி. நிற்கும்போது சூடு கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும். அது தவிர்க்க முடியாத நஷ்டம். ஓடத் தொடங்கியதும் நிமிர்ந்த கண்ணாடியில் காற்று மோதி, அடியில் அழுத்தம் கூடி, அதே இடைவெளி வழியாக உள்ளே தள்ளும். ஆசான் சொன்ன ஓடுற காத்து இதுதான்.

6. பம்ப்பில் டீசலைக் கூட்டுங்கள். பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் கூடினால் சூடு தணியும் என்று எங்கோ கேள்விப்பட்டதை இங்கேயும் நம்புங்கள். டீசலில் கதை நேர் எதிர், ஊற்ற ஊற்றச் சூடு ஏறும். கறுப்புப் புகை வந்தால் பவர் வருகிறது என்று அர்த்தம். வெள்ளறடை ஏற்றத்தில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மிதியுங்கள். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில்; உங்கள் பிஸ்டனும் அலுமினியம்தான்.

7. புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர் வேண்டாம், பயம் வரும். நீல வெளிச்சம் போடும் பூஸ்ட் மீட்டர் போதும்.

8. இனி ஆயில். எல்லாப் பாடத்திலும் இதுவே முக்கியம். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயில் ஊற்றும் குழாய்க்கு மிச்சம் கிடந்த ரப்பர் ஹோஸையே போடுங்கள். திரும்பும் குழாய் பம்ப் இல்லாமல், தன் எடையில் கீழே இறங்க வேண்டியது. அதை ஒரு வளைவு வளைத்து மேலே ஏற்றி இறக்குங்கள். தேங்கும் ஆயில் சீலைத் தாண்டிப் புகைபோக்கிக்குள் இறங்கும். நீலப் புகை. கறுப்புக்கு நடுவே ஒரு மாறுதல்.

பிறகு வண்டியை அணைக்கும் கலை. பாலராமபுரம் சந்திப்பில் நெரிசலில் ஊர்ந்து, நெய்யாற்றின்கரை தாண்டியதும் விரட்டி, உதியன்குளங்கரைத் தட்டுக்கடை முன்னால் ஓர் அலறல் அலறவிட்டு, அந்த அலறல் அடங்குமுன் சாவியைத் திருப்புங்கள். ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டால் தண்டும் நிதானிக்கும், ஆயிலும் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். ஆனால் சாயா ஆறிப்போகும். சாவியைத் திருப்பிய நொடியில் ஆயில் பம்ப் நிற்கிறது. தண்டு இன்னும் சுற்றுகிறது. சிவந்த உறையின் சூடு தண்டு வழியே உள்ளே இறங்கி, நகராமல் நிற்கும் ஆயிலைக் கரியாக்குகிறது. தினம் ஒரு சாயா வீதம் செய்துவாருங்கள். பிறகு ஒருநாள் டர்போவின் ஆயில் குழாயைக் கழற்றித் தரையில் தட்டினால் கறுப்புப் பொருக்கு உதிரும். டர்போவின் சக்கரத்தை விரலால் ஆட்டினால் உறையில் உரசும். ஆக்கர் கடைக்காரர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்.

9. ஆர்.டி.ஓ.விடம் போகாதீர்கள், இன்ஷூரன்ஸ்காரரிடம் மூச்சுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த 52ஆம் பிரிவைக் கறாராக வாசித்தது. கேஎல் 19 வண்டியைக் களியக்காவிளை தாண்டி நிறுத்திவிட்டால் சட்டம் எல்லையிலேயே நின்றுவிடும் என்று நம்புங்கள். அது மத்தியச் சட்டம் என்று யாராவது சொன்னால், பூஸ்ட் மீட்டரைக் காட்டுங்கள்.

10. கடைசியாக விற்பனை. டிஎன் 75 பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவார். காலையிலேயே, எஞ்சின் ஆறியிருக்கும்போது வரச் சொல்லுங்கள். "டர்போ வண்டி அண்ணாச்சி, இழுவை பாருங்க" என்று பள்ளத்தை நோக்கி ஓட்டிக் காட்டுங்கள். பானட்டைத் திறக்கச் சொன்னால் கம்பி பிடித்துக்கொண்டது என்று சொல்லுங்கள். கிடைத்த முன்பணத்தோடு ஆக்கர் கடைக்குப் போங்கள். முந்தைய டர்போவைவிடப் பெரியது ஒன்று வந்திருக்கிறதாம்.