கூடையா, வலையா?

கேள்வி: நியூயோர்க் தெருவில் கூடைப்பந்து ஆடி வளரும் பையனின் கதையை, ஊர்காவற்றுறைக்குப் போகப் படகு பார்த்து நிற்கும் எங்கள் பிள்ளைகள் ஏன் வாசிக்க வேண்டும்?
– வாசகி, அனலைதீவு

பதில்: அவனும் அக்கரை போகத்தானே வழி பார்க்கிறான்? அவனுக்குப் பந்துதான் படகு! வோல்டர் டீன் மையர்ஸ் 1996இல் எழுதிய ‘ஸ்லாம்!’ நாவலின் ஹார்லெம் பையன் ஆடுகளத்தில் சூரன், வகுப்பில் திணறுகிறான். ‘விளையாட்டு சோறு போடுமா?’ என்ற கேள்விக்கு அங்கேயும் விசா தேவையில்லை.

குவாமி அலெக்சாண்டரின் ‘த க்ரொஸ்ஓவர்’ கூடைப்பந்து ஆடும் இரட்டையர் கதை. முழுக்கக் கவிதையில் எழுதி, 2015இல் நியூபெரி விருது வாங்கிவிட்டார். கவிதை என்றால் ஓடும் பிள்ளைகளும் பந்துக்குப் பின்னால் ஓடி வந்துவிடுவார்கள்.

நம்மிடம் கதைக்குப் பஞ்சமா? கூடைப்பந்திலிருந்து பிறந்த வலைப்பந்தில், யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு முதலிடம் பிடித்தார். உயரம் ஆறடி பத்து அங்குலம். அவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்தாயிற்று; இனி யாராவது குனிந்து எழுத வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடமே ஒரு கொப்பியைக் கொடுங்கள், அம்மா!