இரும்புக் கடை அண்ணனின் ‘ம்க்கும்’: ஒரு கள ஆய்வு

சிறு கடைகளில் நெடுநாள் ஊழியரின் சலிப்பைப் பற்றி முதலாளிகளின் புலம்பல் ஏராளமாகக் கிடைக்கிறது. முறையான ஆய்வுதான் இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம், ஓர் இரும்புக் கடை. ஆய்வுப் பொருள், பெரிய முதலாளி காலத்தில் பொடியனாக வந்து சேர்ந்து, இன்று பேரன் எடுத்துவிட்ட அண்ணன். சின்ன முதலாளி எதைச் சொன்னாலும் இவரிடமிருந்து முதலில் புறப்படுவது ‘ம்க்கும்’. இலக்கணப்படி இரண்டரை மாத்திரை. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் விதி. முதலாளி போட்ட விதியையே மதிக்காதவர் தொல்காப்பியரையா மதிக்கப்போகிறார்? மெய்ப்பாடு எட்டில் இது எதில் சேரும் என்பதும் சிக்கல்தான். இளிவரல், வெகுளி, பெருமிதம் மூன்றும் கலந்திருக்கின்றன. பெருமிதம் ஒரு பிடி தூக்கல்.

‘ம்க்கும்’முக்குப் பின் வருபவை: “அதெல்லாம் சரிப்பட்டு வராது”, “நாங்க பாக்காததா”, “பெரியவர் இருந்தப்ப…”. மூன்றாவது வாக்கியம் முடிவதில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. மாலை போட்ட படம் கல்லாவுக்கு மேலேயே தொங்குகிறது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, கூடவே கடைக்குக் கணினியும் வந்தது. ஆணிக்கு 7317, திருகாணிக்கு 7318, சுத்தியலுக்கு 8205 என்று சின்னவர் ஒவ்வொன்றாக ஏற்றினார். “ஆணி வாங்க வர்றவன் நம்பர் சொல்லியா கேப்பான் தம்பி?” என்றார் அண்ணன். விஷமம்தான். ஆனால் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-லேயே வந்தும், ஆசாரி இன்றும் “நாலு நூல் போல்ட்டு” என்றுதான் கேட்கிறார். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது கணினிக்குத் தெரியாது. அது மில்லிமீட்டரில் தேடிச் சுழன்றுகொண்டிருக்க, அண்ணன் சலித்துக்கொண்டே எழுந்து, டப்பாவைப் பார்க்காமலே கைவிட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இந்த இடத்தில் ஆய்வாளனால் சின்னவர் பக்கம் நிற்க முடியவில்லை.

ஆளை அனுப்பிவிடலாமே என்போர், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைப் புரட்டவும். ஆறு மாதம் தாண்டிய ஊழியரை நீக்க நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். ‘ம்க்கும்’ நியாயமான காரணம் என்று பிரிவு 41 எங்கும் சொல்லவில்லை.

எனவே சின்னவர் வைத்தியத்தில் இறங்கினார். மனம்விட்டுப் பேசினார், “எனக்கென்ன குறை” என்றார் அண்ணன், குறை அத்தனையும் முகத்தில் தெரிய. தன்னம்பிக்கைப் பேச்சாளரின் வீடியோவைப் போட்டுக் காட்டினார், அண்ணன் கண்ணயர்ந்தார். ‘முதுநிலை மேலாளர்’ என்று அட்டை அடித்துக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் இப்போது சிமெண்ட் மூட்டைக் கணக்கு எழுதப்படுகிறது.

ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. ஆள் கிடைக்காத ஊரில் புதுப் பையனுக்குச் சந்தைச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். எங்கேயும் போகமாட்டார் என்று தெரிந்தவருக்குப் பழைய சம்பளமே போதும். இரண்டுக்கும் இடையிலிருந்த தூரம் ஒவ்வொரு பையன் வரும்போதும் சுருங்கிக்கொண்டே வந்ததைச் சின்னவர் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்தார். அந்தப் பாக்கிக்கான வட்டியைத்தான் அன்றாடம் ‘ம்க்கும்’மாக வசூலித்துக்கொள்கிறார் என்பது இவ்வாய்வின் துணிபு. அசல் வந்தாலும் சத்தம் முற்றிலும் நிற்கும் என்று ஆய்வாளன் உறுதி தரமாட்டான். பழக்கம் வேறு, பாக்கி வேறு.

நிற்காமலிருப்பதே கடைக்கு நல்லது. பெயிண்ட் கலக்கும் இயந்திரம் வாங்கப்போவதாகச் சின்னவர் அறிவித்த அன்று முனகலும் இல்லை, பெரியவர் பேச்சும் இல்லை. “உங்க இஷ்டம் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். இயந்திரம் இப்போது கிடங்கில் இருக்கிறது. பிவிசி எல்போ மூட்டைகளை அடுக்க வசதியான உயரம்.