வென்றவள் நோர்மா

1937 அக்டோபர் 17 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் பார்துபிட்சே நகரில் நடந்த ‘வேல்கா பார்துபிட்ஸ்கா’ தடைதாண்டு பந்தயத்தில் வென்றது யார்? லாட்டா பிரான்டிசோவா என்பதே பலரின் விடை. அப்போது அவருக்கு வயது 42. அந்தப் பந்தயத்தை வென்ற ஒரே பெண் அவர். அவர் புகழில் ஒரு துளியும் குறையக் கூடாது. ஆயினும் பந்தயத்தில் முதலாவதாக வருவது குதிரை. ஏறியவர் அதனோடு வருகிறார். ஆகவே வென்றவள் நோர்மா என்னும் பொன்னிறப் பெண் குதிரை. அவளுக்குரிய பங்கை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘கடிவாளம் மனிதர் கையில் இருக்கிறது, குதிரை வெறும் கருவி’ என்பாரும் உளர். இக்கூற்று பார்துபிட்சேயில் நிற்காது. ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் ஓட்டம். அதில் உழுத வயல்களும் உண்டு. அந்த மண்ணில் குளம்பு புதையும், மூச்சு வாங்கும். அதற்கும் மேல் ‘டாக்சிஸ்’. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த புதர்வேலி. அதன் மறுபுறம் அகன்ற பள்ளம். ஓடிவரும் குதிரைக்குப் பள்ளம் தெரியாது. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, இந்தப் பந்தயத்தில் மட்டுமே அதைத் தாண்டுவார்கள் என்பதால் ஒத்திகைக்கும் வழியில்லை. எந்த இடத்தில் கால் ஊன்றி எழும்புவது என்பதைக் கடைசி எட்டில் குதிரைதான் முடிவு செய்யவேண்டும். அந்நேரம் கடிவாளத்தை இழுத்தால் இருவருக்கும் கேடு. ஏறுபவரின் திறமை மட்டும் போதும் என்றால், இதே பந்தயத்தை இருமுறை வென்ற ருடால்ஃப் போப்லர் 1932இல் இதே களத்தில் விழுந்து இறந்திருக்க மாட்டார்.

இன்னொன்று. 1927இல் லாட்டா முதன்முதலாகப் பதிவு செய்தபோது, பெண் ஒருத்தி ஏறலாமா என்று பெரிய வழக்காடல் நடந்தது. பெண் குதிரைகளோ அதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஓடும் உடலின் வலிமையில் ஐயம் இல்லை, மேலே அமர்ந்திருக்கும் உடலைப் பற்றித்தான் ஐயம் என்பது எனக்கு விளங்காத நியாயம்.

நோர்மா கின்ஸ்கி குடும்பத்தார் வளர்த்த இனத்தைச் சேர்ந்தவள். 1874இல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஒக்டாவியன் கின்ஸ்கி. களமும் அவள் குருதியும் ஒரே வட்டாரத்தில் விளைந்தவை. லாட்டாவுடன் முந்தைய ஆண்டுகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்து, அந்தத் தரையை அவள் கற்றும் இருந்தாள்.

1937இன் வெற்றிக்கு நாடே ஏங்கியது. நாட்டை நிறுவிய மசாரிக் இறந்து ஐந்து வாரமும் ஆகவில்லை; அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஜெர்மானிய வீரர்கள் திரும்பத் திரும்ப வென்றிருந்தனர். அவர்களை முந்தி நோர்மா வந்தபோது கூட்டம் தன்னையே மறந்தது. அடுத்த ஆண்டு பந்தயம் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946இல் மீண்டும் தொடங்கும்வரை வெற்றியாளர் பட்டியலில் கடைசியாக நின்றது நோர்மாவின் பெயரே.