பத்து விநாடி: நிறுத்தியலில் ஓர் ஆய்வு

ஓடிக்கொண்டிருக்கும் டாக்கர் கன்டெய்னரை நிறுத்தும் முறையை ஆராயப் புகுமுன் 'நிறுத்தல்' என்ற சொல்லை வரையறுத்தாக வேண்டும். நடத்துநர் விசில் ஊதுவதும் நிறுத்தல்தான். ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதும் நிறுத்தல்தான். இரண்டுக்கும் நடுவில் நாம் இறங்க வேண்டிய இடம் போய்விடுகிறது. அந்த நடுப்பகுதியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

டெர்மினலில் 'டாக்கர் ஸ்டாப்' அடித்து என்டர் தட்டினால், உள்ளே முதல் புராசஸாக வீற்றிருப்பவருக்கு சிக்டெர்ம் என்னும் 15ஆம் எண் சிக்னல் போகிறது. 'கைவேலையை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்' என்பது அதன் உரை. வேறு ஏற்பாடு இல்லையேல், லினக்ஸ் கன்டெய்னருக்கு 10 விநாடி அவகாசம். அதற்குள் கிளம்பாதவருக்கு 9ஆம் எண், சிக்கில். அதற்கு மேல்முறையீடு கிடையாது. 'டாக்கர் கில்' இந்த மரியாதையெல்லாம் பார்க்காது. எடுத்த எடுப்பிலேயே 9தான்.

10 விநாடி போதுமா? 'அப்போ நான் கிளம்பறேன்' என்று சொன்ன பிறகு என் அத்தைக்கு வெற்றிலைப் பெட்டியை மூடவே அது போதாது. டேட்டாபேஸ்களும் அத்தை ஜாதிதான். அவர்களுக்காகவே 'ஹைபன் டி 60' என்று கூட்டிக் கொடுக்கும் சலுகை உண்டு.

ஆனால் சில கன்டெய்னர்கள் வேலையே இல்லாமல் சும்மா இருந்தாலும் முழு 10 விநாடியையும் தின்றுவிட்டுத்தான் சாகின்றன. கர்சர் கண் சிமிட்ட, நான் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன். இதை முதலில் திமிர் என்று கருதினேன். அது பிழை. முதல் புராசஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நம் அப்ளிகேஷன் அல்ல, அதைக் கிளப்பிவிட்ட ஷெல் ஸ்கிரிப்ட். சிக்டெர்ம் கடிதம் அதன் கைக்குத்தான் போகிறது. அது தன் பிள்ளையான அப்ளிகேஷனிடம் கொடுப்பதில்லை. தானும் சாவதில்லை, ஏனென்றால் அந்த நாற்காலியில் இருப்பவர் சிக்டெர்முக்கென்று தனி ஏற்பாடு செய்யாதிருந்தால் லினக்ஸ் கர்னல் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் 'எக்ஸெக்' என்று ஒரு சொல் சேர்த்தால் ஷெல் எழுந்து அப்ளிகேஷனுக்கு இடம் விடும். ஒரு சொல்! அதைச் சேர்க்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

'எக்ஸிட் கோடு' என்னும் இறப்புச் சான்றிதழும் உண்டு. சிக்னலின் எண்ணோடு 128ஐக் கூட்டுவது மரபு: 15ஆல் போனால் 143, 9ஆல் போனால் 137. மெமரி தீர்ந்து கர்னலே கொன்றாலும் 137தான் விழும் என்பதால், அதை மட்டும் வைத்துக் குற்றவாளியைத் தீர்மானிப்பது ஆய்வு நெறியாகாது.

இனி ஒரு தர்மசங்கடம். நாம் பெயர் வைக்காத கன்டெய்னருக்கு டாக்கரே ஓர் அடைமொழியும் ஓர் அறிஞர் பெயரும் சேர்த்துச் சூட்டிவிடும். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான வோஸ்னியாக்குக்கு மட்டும் 'போரிங்' என்ற அடைமொழி விழாதபடி நிரலிலேயே தடுத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அப்படிக் காவல் இல்லை. சி.வி. ராமன் அந்தப் பட்டியலில் இருக்கிறார், சந்திரசேகர் இருக்கிறார், ராமானுஜனும் இருக்கிறார். ஒரு நாள் என் திரையில் 'ஹங்ரி ராமானுஜன்' ஓடிக்கொண்டிருந்தார். பசியோடு இருப்பவர்மேல் 'கில்' அடிக்க மனம் வரவில்லை. 'ஸ்டாப்' போட்டு 60 விநாடியும் கொடுத்துக் காத்திருந்தேன்.

அவர் முன்னாலும் ஷெல்தான் உட்கார்ந்திருந்தது. 60 விநாடியும் போய், 137.