பானெட்டைத் திறவுங்கள், பர்ஸை மூடுங்கள்

பொலிரோ, சுமோ, குவாலிஸ், ஸ்கார்ப்பியோ வகையறாக்களில் வயதானவற்றின் உடல்நலம் பற்றி வாசகர்கள் கேட்டவை இவை. புது வண்டிக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். வாரண்டி முடிந்ததும் வாருங்கள், காத்திருக்கிறோம்.

கேள்வி: என்னுடையது 2006 மாடல் ஸ்கார்ப்பியோ. சமவெளியில் சாது. கொடைக்கானல் மலை ஏறினால் பாதி வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனி சூடே ஆகாது" என்றார். இப்போதும் ஆகிறது. அடுத்து எதைக் கழற்றலாம்? (வத்தலக்குண்டு வாசகர்)

பதில்: அந்த மெக்கானிக்கை.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும் வாக்கில் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் சின்ன வால்வுதான் தெர்மோஸ்டாட். திறக்காமல் சிக்கிக்கொண்டால் வண்டி சூடேறும், உண்மைதான். அப்போது புதிதாக ஒன்று வாங்கி மாட்ட வேண்டும். கழற்றி எறிந்தால் இன்ஜின் சூடுபிடிக்க நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி வந்து சூட்டை இன்னும் ஏற்றும். இவ்வளவு கெடுதலும் நம் ஊர் ஷெட்களில் 'ரிப்பேர்' என்ற பெயரில் நடக்கிறது.

மலையில் மட்டும் சூடாகிறது என்றால், வண்டி மெதுவாகப் போய்க்கொண்டு கடுமையாக உழைக்கும்போது காற்று போதவில்லை என்று பொருள். ஆகவே காற்று வரும் வழியை முதலில் பாருங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் டார்ச் அடியுங்கள். பல வருடத்துப் பூச்சி, மண், பஞ்சு எல்லாம் அங்கே குடியிருக்கும். முன்பக்கத்திலிருந்து மட்டும் தண்ணீர் அடித்தால் அது போகாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடிக்க வேண்டும், அதுவும் மென்மையாக. வேகமாக அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் படுத்துவிடும்.

அடுத்தது விஸ்கஸ் ஃபேன். வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாக, முரண்டு பிடித்துச் சுற்ற வேண்டும். தட்டிவிட்டதும் தானாக நாலு சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் சிலிகான் எண்ணெய் போய்விட்டது, கப்ளிங்கை மாற்றுங்கள். மலைப் பாதை வியாதிகளில் பாதி இங்கேதான் தீரும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை, விலை குறைவு என்பதால். அது சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாக்குப்பிடிக்கிறது. மூடியின் ரப்பர் செத்திருந்தால் மற்றதெல்லாம் புதிதாக இருந்தும் பயனில்லை. போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அந்த உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைத்துவிடும். கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடாகிறதா? காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். அதற்குள் கல்லாக இறுகியிருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது. ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். பர்ஸைத் திறக்க வேண்டிய இடம் இது மட்டும்தான். நடுமலையில் முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுசாக வையுங்கள், ஓரம் கட்டுங்கள். குடும்பம் வியர்த்துக் கொட்டும். பரவாயில்லை, இன்ஜின் பிழைக்கும். சூட்டோடு மூடியைத் திறக்கத் துணிகிறவர்கள் முகத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டுத் திறக்கவும்.

கேள்வி: என் சுமோ கறுப்பாகப் புகை விடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி வெள்ளையாக விடுகிறது. எது உயர்ந்தது? (ஈரோடு வாசகர்)

பதில்: உயர்ந்தது மெக்கானிக்கின் வீடு. ஒவ்வொரு வருடமும் ஒரு மாடி.

கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள், பிறகு டர்போவிலிருந்து போகும் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், கடைசியில் இன்ஜெக்டர். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, விலை கூடிய முனையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் எரியாத டீசல், ஹீட்டர் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க வந்து, கூலன்ட்டும் குறைந்தால் முதல் கேள்வியின் கடைசிப் பத்தியை வெட்டி அவர் வாசலில் ஒட்டுங்கள். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது: ரிங், வால்வ் சீல் அல்லது டர்போ சீல்.

கேள்வி: எங்கள் பொலிரோவின் பிரேக் திடீரென்று கல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு காலாலும் மிதித்தால்தான் நிற்கிறது. "தினமும் நடைப்பயிற்சி போனால் சரியாகிவிடும்" என்கிறார் என் கணவர். (விருதுநகர் வாசகி)

பதில்: அவரை நடந்தே போகச் சொல்லுங்கள் அம்மா, வண்டி ஷெட்டுக்குப் போகட்டும். இந்த நிலையில் ஓட்ட வேண்டாம், இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போதே பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசல் இன்ஜினில் அப்படிக் கிடைக்காது, தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். அந்தக் கால டீசல் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். "சார்ஜ் ஏறலை" என்று ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டிய மறுநாள் பிரேக் கனத்தால், தொடர்பு என்னவென்று இப்போது புரிந்திருக்கும்.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், இறுகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், அதிலுள்ள ஒருவழி வால்வு, பூஸ்டர் என்ற வரிசையில் தேடச் சொல்லுங்கள். ஹோஸில் ஒரு வெடிப்போடு விஷயம் முடிந்துவிடவும் வாய்ப்புண்டு. மாறாக, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் போனால் அது வேறு வியாதி: லைனில் காற்று புகுந்திருக்கிறது, ஏர் எடுக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. உங்கள் கணவர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேட்டுப் பாருங்கள், நடைப்பயிற்சிப் பேச்சு நின்றுவிடும்.

கேள்வி: குவாலிஸ் வைத்திருக்கிறேன். டைமிங் பெல்ட் மாற்றினோமா இல்லையா என்று நினைவில்லை. என்ன செய்யலாம்? (தென்காசி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, நினைவில்லை என்றால் மாற்றவில்லை என்று திருத்திக்கொள்ளுங்கள். அந்த 2.4 லிட்டர் டீசல் இன்ஜினில் வால்வுகளின் ஓட்டத்தையும் டீசல் பம்பையும் ஒரே பெல்ட்தான் நடத்துகிறது. சுமார் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. சத்தம் போட்டோ புகை விட்டோ எச்சரிக்காது, அறுந்துவிடும். அறுந்த நொடியில் பிஸ்டன் வால்வை இடிக்கும், வால்வு வளையும், ஹெட் இறங்கும். குவாலிஸ் 2005இலேயே விடைபெற்றுக்கொண்ட வண்டி. பெல்ட்டுக்கும் ரப்பர் என்ற முறையில் வயதாகும். மாற்றும்போது டென்ஷனர் பேரிங்கையும் ஆயில் சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். ஆசிரியரின் கையெழுத்து, அடுத்தவருக்கும் புரியும்.

கேள்வி: ஏற்காட்டில் காலை வேளையில் என் வண்டி செல்ஃப் எடுக்காமல் முனகுகிறது. அடுத்தடுத்து இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. (ஏற்காடு வாசகர்)

பதில்: பேட்டரிக் கடைக்காரர் உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறாரா?

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், ஒரு பேட்டரியின் விலையோடு பார்த்தால் அது சில்லறை. ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். சரியாமல் 11க்கு மேலேயே நின்றுகொண்டு, மோட்டார் மட்டும் சோம்பலாகச் சுற்றினால் குற்றவாளி வயர். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, இறுக்கி மாட்டினால் முடிந்தது. இந்தச் செலவில் கடைக்காரருக்குப் பங்கில்லை.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் டீசல் லைனில் காற்று. ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அடித்ததும் பிடித்துக்கொண்டால் எங்கோ ஒரு வாஷர் அல்லது ரிட்டர்ன் ஹோஸ் ராத்திரி முழுக்கக் காற்றை உள்ளே விடுகிறது.

கேள்வி: வேகத்தடை ஏறினால் முன்பக்கம் 'டொக் டொக்' சத்தம். பாட்டை ஏற்றி வைத்தால் கேட்பதில்லை. அப்படியே விடலாமா? (கரூர் வாசகர்)

பதில்: பாட்டு எவ்வளவு சத்தமோ அவ்வளவு வேகமாக பால் ஜாயிண்ட் தேயும். முதலில் லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் ரப்பர் இரண்டையும் பாருங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஜாயிண்டின் யோக்கியதை தெரிந்துவிடும். ரப்பர் போனால் சத்தம். ஜாயிண்ட் போனால் சக்கரம்.

கேள்வி: ஜிப்ஸி வாங்கினேன். 4x4 போட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் நண்பர்களுக்குக் காட்டினேன். இப்போது லீவர் திரும்ப வர மறுக்கிறது. (சென்னை வாசகர்)

பதில்: காட்டியது போதும். ஜிப்ஸியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். மணலில் அந்த வித்தியாசம் வழுக்கிப் போய்விடும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லாமல் உள்ளே முறுக்கேறிக் கிடக்கும். சில அடி நேராகப் பின்னால் போய் லீவரைத் தட்டுங்கள், விட்டுவிடும். பிறகு 4x4 வேண்டுமானால் கடற்கரைக்கு நாலடி உள்ளே போங்கள், சாலையில் வேண்டாம்.

கேள்வி: சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் எல்லா ஸ்பேரும் பாதி விலை. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? (தாம்பரம் வாசகர்)

பதில்: கதவு, கண்ணாடி, சீட், பம்பர், லைட் கூடு எல்லாம் தாராளமாக. கியர் பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் என்றால் விவரம் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிரேக் சாமான், பெல்ட், பேரிங், ஹோஸ், ரப்பர் எதையும் அங்கே கையால்கூடத் தொடாதீர்கள். அவற்றை ஒருத்தர் கழற்றிப் போட்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

கேள்வி: வண்டிக்கு 15 வருடம் முடியப் போகிறது. மச்சான் எடைக்குப் போடச் சொல்கிறார். (நாமக்கல் வாசகர்)

பதில்: மச்சானிடம் கார் இருக்கிறதா, இல்லை உங்களுடையதைத்தான் இரவல் வாங்குகிறாரா? சொந்த உபயோக வண்டி என்றால் ஆர்.டி.ஓ. சோதனையில் தேறினால் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள், பசுமை வரியும் கட்ட வேண்டும். போவதற்கு முன் அடிச்சட்டத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இன்ஜினுக்கு வைத்தியம் உண்டு, கியர் பாக்ஸுக்கு உண்டு. சேஸிஸில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் மச்சான் சொன்னதைக் கேளுங்கள்.

கேள்வி: என் சுமோவை விற்கப் போகிறேன். நீலப் புகை வருகிறது. கெட்டியான ஆயில் ஊற்றினால் வாங்குபவர் பார்க்கும் நேரத்தில் மட்டும் புகை நிற்கும் என்கிறார்களே, எத்தனை லிட்டர் ஊற்றலாம்? (பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்தே இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. "பழைய சுமோ ஒன்று பேசி முடித்திருக்கிறேன். போய்ப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். குளிர்ந்த இன்ஜினை அவரே ஸ்டார்ட் செய்ய வேண்டும், டிப் ஸ்டிக்கில் ஆயிலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் தர வேண்டும் என்று நேற்றே பதில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.