கல்லில் கொத்திய பெயர்

கேள்வி: கொடிநாளுக்குப் பணம் போட்டால் போதாதா? போர்வீரர்களை நினைக்க வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: அவசியம் போடுங்கள். 1949 முதல் டிசம்பர் 7-இல் திரட்டும் அந்த நிதி, உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் உதவுகிறது. ஆனால் நாம் கொடியைச் சட்டையில் குத்துகிறோம், மாலைவரைதான் நிற்கும். முன்னோர் பெயரைக் கல்லில் கொத்தினார்கள்! தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல், ஆநிரைப் பூசலில் மாண்டவன் பெயரை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகத் தாங்கியிருக்கிறது. 1999-இல் கார்கில் போரில் வீழ்ந்த மேஜர் சரவணனைத் திருச்சி அறியும். உங்கள் ஊர் வீரர் யார்? பிள்ளைகளோடு அவர் வீட்டுப் படியேறுங்கள். சுவரில் மாலையிட்ட சீருடைப் படம் இருக்கும். கீழே உள்ள பெயரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.